ஏகாதசி முதல் காணும் பொங்கல் வரை

2025 ஜனவரியில் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. மறுநாள் துவாதசி பாரணை. மார்கழி 27 என்பதால் கூடாரவல்லியும் அன்றே. 13 போகி, 14 பொங்கல், 15 மாட்டுப் பொங்கலும் கனுவும், 16 காணும் பொங்கல். இதற்கு இரண்டு வாரம் முன்புதான் கிறிஸ்துமஸ் கேக்கும் புத்தாண்டு விருந்தும் முடிந்திருக்கும். தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக வரும். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, தினமும் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்கு வேலைக்குப் போகிறவருக்கு, டிசம்பர் கடைசியில் தொடங்கும் சாப்பாட்டு அழைப்புகள் மாசி வரை ஓயாது.

ஏகாதசி திதியைப் பின்பற்றி வருவதால் எல்லா ஆண்டும் இப்படி நெருங்கி அமையாது. அதே 2025இல் டிசம்பர் 30ஆம் தேதி இன்னொரு வைகுண்ட ஏகாதசியும் வந்தது. தேதி எப்படி மாறினாலும், மார்கழியும் தையும் சேர்ந்த இந்த ஆறேழு வாரம்தான் நம் ஊரில் உடம்புக்குப் பெரிய சோதனை. இந்த அத்தியாயம் அந்த வாரங்களுக்கானது.

பண்டிகையும் பண்டிகைக்கு மறுநாளும்

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஒரு நாள் விருந்து யாரையும் கெடுக்காது. பொங்கலன்று வயிறாரச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டவர் மறுநாள் தம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டால் உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். திரும்பாமல் இருப்பதுதான் கெடுதல். போகிக்குச் செய்த போளி பொங்கல் வரை வருகிறது, பொங்கலுக்கு வந்த முறுக்கு காணும் பொங்கலைத் தாண்டுகிறது, அது தீர்வதற்குள் கல்யாண வீட்டுச் சீர் பட்சணம் வந்து சேருகிறது.

2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அமெரிக்காவில் அளந்து பார்த்தது. நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரையிலான விருந்துக் காலத்தில் 195 பேரின் எடையை எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோ, அரைக் கிலோகூட இல்லை. ஆனால் ஏறிய எடை பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஆண்டு முழுவதும் கூடிய எடையில் பெரும்பகுதி அந்த ஆறு வாரத்தில் கூடியதுதான். நாற்பது வயதில் இப்படித் தொடங்கினால் அறுபதில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் பதினான்கு பேருக்கு மேல். ஐம்பது பேர் உட்காரும் பந்தியில் ஏழு பேருக்காவது சர்க்கரை இருக்கும் என்று பொருள். அவர்களில் சிலருக்கே அது தெரியாது.

நம் பழைய வழக்கத்தில் விருந்துக்கு முன்னால் விரதம் இருந்தது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பு தொடங்கும்போது நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. இருபத்தேழாம் பாசுரத்தில்தான் முழங்கை வரை நெய் வழியும் சோறு வருகிறது. இடையில் இருபத்தைந்து நாள். அந்த நாட்களின் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு இருபத்தேழாம் நாளின் நெய்யை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். முழு நோன்பு இருக்கச் சொல்லவில்லை. கூடாரவல்லியன்று அக்காரவடிசில் உண்டென்றால் அதற்கு முந்திய வாரம் மாலை டிபனுக்குப் பஜ்ஜியும் இனிப்பும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமே. அந்த அளவுதான் கேட்கிறேன்.

ஏகாதசியும் பாரணையும்

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் இரவே ஸ்ரீரங்கம் கோயிலின் ரங்க விலாச மண்டபத்தைச் சுற்றியும் வீதிகளிலும் கூட்டம் கூடிவிடும். விடியற்காலையில் ரத்தினாங்கியில் நம்பெருமாள் பரமபத வாசலைக் கடப்பதைச் சேவிக்க இரவெல்லாம் விழித்து வரிசையில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பட்டினி, விழிப்பு, நெரிசல் மூன்றும் ஒன்றாய்ச் சேரும் நாள் இது.

நல்ல ஆரோக்கியத்தில் உள்ளவருக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. சுத்த உபவாசம் முடியாதவர்கள் ‘பலகாரம்’ என்று ஒருவேளை ஏதாவது சாப்பிடுகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். சோறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தட்டு ரவா உப்புமா, நான்கு அடை, மேலே வெல்லமும் வெண்ணெயும், மாலையில் ஜவ்வரிசிப் பாயசம் என்று போனால், அது சாதாரண நாளின் சாப்பாட்டைவிடக் கனமான நாளாகிவிடும். ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. பாலும் பழமும், அல்லது மோரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் விரதத்தின் நோக்கத்துக்கும் வயிற்றுக்கும் நெருக்கமானவை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பின்வரும் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பட்டினியால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியல்ல. வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். வரிசையில் நிற்கும்போது இது வந்தால் பக்கத்தில் நிற்பவர் ‘கூட்ட நெரிசல், மயக்கம்’ என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பார். தேவைப்படுவது சர்க்கரை.

ஆகவே ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் போய், இந்த நாள் உபவாசம் இருக்க நினைக்கிறேன், மருந்தை எப்படி மாற்றலாம் என்று கேட்டுவிடுங்கள். ரமலான் நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்காகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு உருவாக்கிய வழிமுறை ஒன்று உண்டு. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் அந்த நிமிடமே நோன்பை முறித்துவிட வேண்டும் என்கிறது அது. ஏகாதசிக்கும் அதே எல்லையை வைத்துக்கொள்ளலாம். சட்டைப் பையிலோ இடுப்பிலோ ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். லட்டு, சாக்லேட் இந்த நேரத்துக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

பெருமாள் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் உபவாசம் கட்டாயமில்லை என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய பொறுப்பு பிள்ளைகளுக்கு இருக்கிறது. அப்பா வாயைத் திறக்க மாட்டார். நீங்கள்தான் அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

துவாதசி பாரணைத் தளிகையைப் போல அறிவார்ந்த சாப்பாடு நம் நாட்காட்டியில் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். புளி கிடையாது. பயத்தம்பருப்பு போட்ட கூட்டு, நெல்லிக்காய்ப் பச்சடி, எலுமிச்சைச் சாற்றில் செய்த சாத்துமுது (ரசம்). கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள நெல்லிக்காயின் வைட்டமின் சி துணை செய்கிறது. ஒரு நாள் காலியாக இருந்த வயிற்றில் காரமும் புளிப்பும் அதிகம் படாமல் பார்த்துக்கொள்கிறது இந்தச் சமையல். அதிகாலையிலேயே பாரணை ஆவதால் அன்றைய நாள் முழுவதும் முன்னால் இருக்கிறது. பசியின் வேகத்தில் சோற்றைக் குவிக்காமல், முதலில் கீரையும் கூட்டும், பிறகு ஒரு பிடி சாதம் என்று போனால் போதும். பசி இருபது நிமிடத்தில் அடங்கும்.

அக்காரவடிசில்

பச்சரிசி, பயத்தம்பருப்பு, பால், வெல்லம், நெய். பாலிலேயே வெந்து, நெய்யிலேயே குழைந்து வரும் பண்டம். இதை யாரும் ‘சாப்பிடாதீர்கள்’ என்று எழுதினால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். சாப்பிடும் முறையைத்தான் பேச வேண்டும்.

இது பாயசம் போலச் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் இனிப்பு அன்று. அரிசியும் பருப்பும் உள்ள ஒரு முழுச் சாப்பாடு. கூடாரவல்லியன்று காலை இதைச் சாப்பிட்டால் அந்த வேளைக்கு அதுவே ஆகாரம். பின்னால் இட்லியும் பொங்கலும் வடையும் வேண்டாம். நெய் ஒரு டீஸ்பூனுக்கு ஏறக்குறைய 45 கலோரி. நல்ல கைமணத்தில் செய்த ஒரு கிண்ணம் அக்காரவடிசிலில் எத்தனை டீஸ்பூன் இருக்கும் என்று செய்தவருக்குத்தான் தெரியும்.

வெல்லம் என்றால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணம் உண்டு. ஆனால் கலோரிக் கணக்கில் அதற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் ஒரே தரம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரையை வைத்துக்கொள்வது நல்லது என்கிறது. அது ஐந்தாறு டீஸ்பூன்தான். காலை, மாலைக் காபியிலேயே பாதி போய்விடும். அன்றைக்குக் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டு அந்தப் பங்கை அக்காரவடிசிலுக்குக் கொடுங்கள்.

கோயில் பிரசாதத்துக்கும் ஓர் அளவு ஏற்கெனவே இருக்கிறது. உள்ளங்கையில் வாங்குவது அந்த அளவு. கடையில் தொன்னை தொன்னையாக வாங்கும்போதுதான் அது சாப்பாடாக மாறுகிறது. மலைக்கோட்டையில் விநாயகர் சதுர்த்திக்கு 150 கிலோ கொழுக்கட்டை செய்து மாணிக்க விநாயகருக்கு 75 கிலோவும் உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோவும் படைக்கிறார்கள். அவ்வளவு பெரிய கொழுக்கட்டையும் துணியில் கட்டி ஆவியில் வேக வைத்தது. அடியார்கள் கைக்கு வருவது ஒரு சிறு துண்டு. ஆவியில் வெந்ததும் கையளவில் வருவதுமான பண்டங்களை நம் கோயில்களே நமக்குக் காட்டியிருக்கின்றன.

இலையில் எதை முதலில் சாப்பிடுவது

கல்யாண இலையில் உப்பு, ஊறுகாய், பச்சடி, கோசுமல்லி, கறி, கூட்டு, உசிலி, வடை, அப்பளம் எல்லாம் பரிமாறிய பிறகே சாதம் வருகிறது. காய்கள் முதலிலேயே இலைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காய்களைத் தொட்டுக்கொள்ளவென்று ஒதுக்கி வைத்து, பருப்பும் நெய்யும் விட்ட சாதத்தில் கை வைக்கிறோம். இலையைச் சுற்றி நீர் விடும் பரிசேஷணம் ஆகாமல் சாப்பிடக் கூடாது என்ற வீடுகளில் சாதம் வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனபிறகு முதல் வாய் சாதம் எடுத்துக்கொண்டு, அடுத்ததாகக் கோசுமல்லி, கறி, கூட்டு, உசிலியை முடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இதற்கு ஆதாரம் உண்டு. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரு நாட்களில் இருவிதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில். இன்னொரு நாள் காய்கறியும் இறைச்சியும் முதலில், பதினைந்து நிமிடம் கழித்து ரொட்டி. காயும் புரதமும் முன்னால் போன நாளில், ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. 2015இல் வெளிவந்த சிறிய ஆய்வு இது. சிறியதானாலும் காசில்லாத, யாரையும் புண்படுத்தாத, இலையில் எதையும் ஒதுக்கச் சொல்லாத யோசனை. சாப்பாட்டைக் குறைக்காமல் வரிசையை மட்டும் மாற்றுகிறோம்.

பருப்பு உசிலியை விட்டுவிடாதீர்கள். பீன்ஸோ கொத்தவரையோ வாழைப்பூவோ, அரைத்த பருப்புடன் சேர்ந்து வருவதால் நாரும் புரதமும் ஒரே கரண்டியில் கிடைக்கின்றன. சாதம் வருவதற்குள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள். முதலில் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். பந்தி நடுவில் உசிலி வாளி காலியாகிவிடும். வாழைத்தண்டுப் பச்சடி, வாழைப்பூ வடை எல்லாம் நம் காவிரிக் கரைக்குச் சொந்தமான பண்டங்கள். தொட்டியம், லால்குடி பக்கம் வாழை விளைந்து, தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில் இருக்கும்போது, தண்டையும் பூவையும் விருந்தில் அதிகமாகக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

சாதம் மூன்று முறை வரும்: குழம்புக்கு, சாத்துமுதுக்கு, மோருக்கு. ஒவ்வொரு முறையும் பரிமாறுபவர் தம் கணக்கில் ஒரு குவியல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். முதல் முறை வைப்பதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இலையில் கோடு கிழித்ததுபோல் ஒதுக்கி வைத்தால் அடுத்த முறை ‘இருக்கு’ என்று காட்டிவிடலாம். அப்பளமும் வடையும் சேர்ந்தால் எண்ணெய்க் கணக்கு ஏறும். இரண்டில் ஒன்று போதும். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய் நான்கிலும் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இலையின் இடது மேல் மூலையை அப்படியே விட்டுவிடலாம்.

சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதும் உள்ளே ஓடிப்போய்ச் சப்பாத்தி கொண்டுவரும் அன்பு நம் கல்யாண மண்டபங்களில் உண்டு. அன்புக்கு நன்றி சொல்லலாம். ஆனால் கோதுமையும் மாவுச்சத்துதான். சோற்றைவிடக் கொஞ்சம் நார் அதிகம், அவ்வளவே. மூன்று சப்பாத்தியும் அதன்மேல் ஒரு கிண்ணம் சாதமும் சாப்பிட்டுவிட்டு, ‘நான் சப்பாத்திதான் சாப்பிட்டேன்’ என்று சமாதானம் அடைவது பெரிய ஏமாற்றம்.

‘போதும்’ சொல்வது

நம் ஊரில் அதிகமாகச் சாப்பிட வைப்பது நாக்கைவிட உபசாரம்தான். பரிமாறுகிறவரின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிறோம். வெறும் ‘வேண்டாம்’ அவர் காதில் விழாது. அது மரியாதைக்குச் சொல்வது என்றே எடுத்துக்கொள்வார். ஒன்றை மறுக்கும்போது வேறொன்றைக் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் மீது யாருக்கும் வருத்தம் வராது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில்:

“இன்னும் ஒரு கரண்டி திருக்கண்ணமுது விடட்டுமா? ஒண்ணுமே சாப்பிடலையே.”

“ரொம்ப நன்னா இருந்தது மாமி, வயிறு நிறைஞ்சுடுத்து. சாத்துமுது இருந்தா ஒரு கரண்டி விடுங்கோ, அதான் இப்போ வேணும்.”

தில்லைநகர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில்:

“அண்ணே, இன்னொரு லட்டு வைக்கட்டுமா?”

“ஸ்வீட் ஆச்சு தம்பி. அந்தக் கூட்டு நல்லா இருந்துச்சு, இருந்தா கொஞ்சம் கொண்டு வா.”

இரண்டிலும் பாராட்டு முதலில் வருகிறது, மறுப்பு நடுவில் மறைகிறது, வேண்டுகோளோடு பேச்சு முடிகிறது. கையை இலைக்கு மேல் விரித்து மறைப்பதும் பந்தியில் எல்லோருக்கும் புரியும் பாஷை. ஆனால் கரண்டி கவிழ்வதற்கு முன்பே கை அங்கே இருக்க வேண்டும். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இலையில் விழுந்ததையெல்லாம் வயிற்றில் தள்ளுவதைவிட, விழுவதற்கு முன்பே தடுப்பது மேல்.

நீங்களே விருந்து கொடுக்கிறவராக இருந்தால் உங்கள் கையில் இன்னும் அதிகம் இருக்கிறது. சமையல்காரரிடம் பட்டியல் பேசும்போது மூன்று இனிப்பை ஒன்றாக்குங்கள். அந்த ஒன்று நன்றாக இருக்கட்டும். மிச்சப் பணத்துக்கு இன்னொரு காய் கூட்டுங்கள். மாலை வரவேற்பில் பஞ்சு மிட்டாய், பானி பூரி, ஐஸ்கிரீம் என்று ஸ்டால் போடுகிறவர்கள் பக்கத்தில் ஒரு சுண்டல் ஸ்டாலும் வெட்டிய பழமும் வைத்துப் பாருங்கள், பெரியவர்கள் அங்கேதான் நிற்பார்கள். ‘கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள்’ என்று பரிமாறுகிற பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

கிறிஸ்துமஸ், ரமலான், புத்தாண்டு

திருச்சியின் விருந்துக் காலம் மார்கழி உற்சவத்தோடு முடிவதில்லை. மெயின்கார்டு கேட் அருகே லூர்து அன்னை ஆலயத்திலும் பாலக்கரை சகாய மாதா பசிலிக்காவிலும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினால் அந்த நேரத்திலேயே கேக் வெட்டுவார்கள். காலையில் அக்கம்பக்கத்துக்குத் தட்டு போகும்: கேக், அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல். மதியம் பிரியாணி. இலையின் வரிசை இங்கும் பொருந்தும். தயிர்ப் பச்சடியும் கறித் துண்டும் முதலில், சோறு பிறகு. கத்தரிக்காய்க் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுங்கள்.

ரமலானில் நத்தர்வலி தர்கா பக்கம் நோன்புக் கஞ்சி வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், பட்டினியை எப்படி முறிக்க வேண்டும் என்பது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் சேர்ந்த நீர்த்த, சூடான கஞ்சி. தண்ணீரும் உப்பும் உடம்புக்குத் திரும்பக் கிடைக்கின்றன, பசி மெதுவாக அடங்குகிறது. உடன் வரும் சமோசா, வடை தட்டுதான் கஞ்சி செய்த நன்மையைக் கெடுப்பது.

புத்தாண்டு இரவு மதுவோடு கழிப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், ஈரல் சர்க்கரையை வெளியே விடுவது தடைபட்டு, தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப்போகும். உடன் இருப்பவர்கள் போதை என்று நினைத்துப் போர்த்தி விட்டுவிடுவார்கள்.

டப்பாக்கள்

மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டத்துக்குப் பெருமை. அதன் மொறுமொறுப்புக்குக் காரணங்களில் ஒன்று அதை இரண்டு முறை எண்ணெயில் போட்டு எடுப்பது. அதனால் நாள் தாங்கும்; நாள் தாங்குவதாலேயே வீட்டில் டப்பா டப்பாவாகச் சேரும். பசியில்லாத நாலு மணிக்கு, டிவி முன்னால், டப்பாவுக்குள் கை விட்டு எடுப்பதுதான் பண்டிகைக் கால எடையின் பெரும் பங்கு என்பேன். தட்டில் இரண்டு எடுத்து வைத்து, டப்பாவை மூடி, பரணில் ஏற்றிவிட்டு உட்காருங்கள். கண்ணில் படாத பண்டம் பாதி நாள் நினைவுக்கே வராது.

காணும் பொங்கலுக்குள் வீட்டில் உள்ளதில் பாதியைக் கொடுத்துவிடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். வேலை செய்ய வருபவர்கள், அடுக்குமாடிக் காவலாளி, அலுவலகம். மிஞ்சிப் பழசான பிறகு கொடுப்பது மரியாதை இல்லை. புதிதாக இருக்கும்போது கொடுக்க வேண்டும். கடை இனிப்பு வாங்கினால் தேதியைப் பாருங்கள். தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதி வரை நல்லது என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. பால் இனிப்பு இரண்டு நாளுக்கு மேல் வெளியில் இருந்தால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுவதே நல்லது.

தீபாவளி லேகியத்தைப் பொங்கல் வரை வைத்திருந்து ‘சாப்பிட்டதெல்லாம் செரித்துவிடும்’ என்று உருட்டிப் போடுகிறவர்களும் உண்டு. சுக்கும் ஓமமும் திப்பிலியும் வயிற்று உப்புசத்துக்கு இதமானவை. உள்ளே போன நெய்யையும் சர்க்கரையையும் அவை கழித்துவிடா. லேகியத்திலேயே வெல்லமும் நெய்யும் இருக்கின்றன.

கனு நாளின் கட்டுச்சாதம்

கனுவன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற குடும்பங்களும், ஆடிப் பெருக்கில் போகிறவர்களும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போகிறார்கள். வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் பாத்திரத்திலேயே இருக்கும் சோற்றில் கிருமி பெருகும்; அது உமிழும் நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. புளியோதரை புளிப்பாலும் நல்லெண்ணெயாலும் தாங்கும். எலுமிச்சை சாதமும் பரவாயில்லை. தேங்காய் சாதம் முதலில் கெடும், அதை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். தயிர் சாதத்துக்குப் பாலை அதிகம் விட்டு, தயிரைக் குறைத்துப் பிசைந்தால் மதியத்துக்குப் புளிக்காது. சோற்றை ஆறவிட்ட பிறகே மூட வேண்டும்.

ஐந்து வகைச் சாதம் இருக்கிறது என்பதற்காக ஐந்தையும் வயிறு நிறையச் சாப்பிட்டால் ஐந்து சாப்பாடுதான். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், கூடவே வறுவலுக்குப் பதிலாக அவியலோ வெள்ளரிக்காயோ. கனு அவியலுக்கு எத்தனை காய் போட்டாலும் தகும்.

சாப்பிட்டு முடித்ததும் படுக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடை வயதானவர்களின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 2013இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு காட்டியது. உத்திர வீதியில் கோலம் பார்த்துக்கொண்டே நிதானமாக ஒரு சுற்று வந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். வேகம் வேண்டாம். வீட்டுக்கு வந்த விருந்தினரையும் கூட்டிக்கொண்டு போகலாம்; பேச்சும் தொடரும், இரண்டாவது முறை பட்சணத் தட்டு வருவதும் தள்ளிப்போகும்.

தை மாதக் கடைசியில்

பொங்கலை ஒட்டிச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போக நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஒரு வாரம் பத்தியம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையை அப்படி ஏமாற்றலாம். எச்பிஏ1சி பரிசோதனை முந்திய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்வது. ஒரு வாரப் பத்தியம் அதை அவ்வளவாக அசைக்காது. தை மாதக் கடைசி வாரத்தில் அதை எடுத்தால் கார்த்திகையிலிருந்து தை வரை எப்படிப் போயிற்று என்பது ஒரே எண்ணில் தெரிந்துவிடும். 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 5.7 முதல் 6.4 வரை வாசற்படி. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் தேதியோடு குறித்து வையுங்கள். பங்குனியில் திரும்ப எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.